ஏற்காட்டுச் சரிவு படத்தில் எங்கே போகிறது?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டச் சரிவில் மவுண்டன் பைக் என்கிற மலைச் சைக்கிள் இறங்குவதை நேரில் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அதையே படமெடுத்துப் பார்த்தால் சமதரையில் ஓட்டியது போலிருக்கும். சரிவில் நிற்கும்போது உடம்போடு சேர்ந்து கேமராவும் சாய்ந்துவிடுவதுதான் முதல் காரணம்.

மருந்து அங்கேயே நிற்கிறது. நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்கள், மிளகுக்கொடி சுமந்தபடி நெட்டுக்குத்தாக நிற்கும். ஃபிரேமின் ஓரத்தை ஒரு மரத்தோடு ஒட்டிப் பிடியுங்கள்; தடம் குறுக்கே சாய்ந்து இறங்குவது அப்படியே பதியும். தடத்துக்குப் பக்கவாட்டில் நிற்பது முக்கியம். நேர் கீழே நின்று எடுத்தால் சரிவு தட்டையாகிவிடும்.

வேகத்தைக் காட்ட, சேலத்திலிருந்து ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளே போதும். விடிந்ததும் போய்விடுங்கள்; பஸ் ஓட ஆரம்பித்தால் நிற்க இடமிருக்காது. வளைவின் உட்புறம், தார்ச்சாலையை விட்டு விலகி நின்றால் ரைடர் நம்மைச் சுற்றி வருவார். தூரம் அதிகம் மாறாததால் ஃபோகஸ் தப்பாது. ரைடரோடு கேமராவையும் திருப்பியபடியே எடுங்கள்; இதுதான் பேனிங். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 முதல் 1/125 நொடி. படம் முடியும் திசையைப் பார்த்துப் பாதத்தை ஊன்றி, இடுப்பிலிருந்து திரும்புங்கள். பட்டனை அழுத்தியதும் கை நின்றுபோனால் முகம் கலங்கிவிடும். பேனிங்கில் பல படங்கள் இப்படித்தான் கெடுகின்றன.

சைக்கிள் அந்தரத்தில் தாவுவதை எடுக்க ஷட்டர் 1/1000 நொடியாவது வேண்டும். தரையில் உருளும் சைக்கிளுக்கு அதே ஷட்டர் வேகம் வைத்தால் சக்கரக் கம்பிகள் உறைந்து, ஸ்டாண்டு போட்டு நிறுத்தியது போலாகிவிடும். தோட்ட நிழலில் லென்ஸ் துவாரத்தை எஃப் 2.8 என்று அகலத் திறந்தாலும், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 3200 தாண்டலாம்; அது ஏறினால் படத்தில் புள்ளி விழும். தயங்காதீர்கள், புள்ளி விழுந்த படத்தைத் தேற்றலாம், கலங்கியதைத் தேற்ற முடியாது.

நடுப்பகலில் இலைகளுக்கிடையே விழும் வெயில் முகத்தைத் திட்டுத்திட்டாக்கும். பனிமூட்டமே மேல். ஆனால் வெண்பனியைக் கண்டு கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும்; எக்ஸ்போஷரை +1 வரை ஏற்றுங்கள்.

ரைடரின் கையையும் கவனியுங்கள். பிரேக்கில் நாலு விரலும் இறுகியிருந்தால் பயம் தெரியும். ஒற்றை விரல் மட்டும் இருந்து, பார்வை வளைவின் முடிவில் இருந்தால் படம் உயிர்பெறும். கேமராவைப் பார்க்கவே வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஈரம் படியும். கடைசி சில வளைவுகளுக்கு முன்பே ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். தோட்டத்துக்குள் நுழைய எஸ்டேட்டில் அனுமதி வாங்குங்கள். காட்சி மறைக்கிறதென்று காய்த்த காப்பிக் கிளையை ஒடிக்காதீர்கள், ஒரு அடி நகர்ந்து நில்லுங்கள்.