வளைந்த கிளையைத் தேடி முத்துப்பேட்டை வரை

திருத்துறைப்பூண்டியில் இறங்கி முத்துப்பேட்டைச் சாலையைப் பிடித்தால், வழியெல்லாம் வள்ளம் என்கிற சிறு மரப்படகு கட்டுவதற்கான மரம் நின்றுகொண்டிருக்கும். வாய்க்கால் கரையில் பூவரசு, வயலோரம் நாட்டுக் கருவேல், கொல்லைக்குக் கொல்லை வேம்பும் மாவும். நடுவில் தடித்து நிற்கும் ஒதியனை விட்டுவிடலாம். ஒதி பெருத்தாலும் உத்தரம் ஆகாது; வள்ளமும் ஆகாது.

போவதானால் கோடையில் போங்கள். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கடைமடையை எட்டுவதற்குள் வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும். மரத்தை அடி முதல் நுனி வரை சுற்றிப் பார்க்கலாம். கரையில் நிற்பது சர்க்கார் மரம், கை வைக்கக் கூடாது. பட்டா நிலத்து மரத்தையோ, ரசீதோடு அறுவை மில் மரத்தையோ வாங்குங்கள்.

முதலில் தேட வேண்டியது பலகையை அல்ல, வங்கை. முத்துப்பேட்டையை ஒட்டிய ஜாம்புவானோடைப் பக்கம் பழைய மரப்படகு ஏதும் கரையேறிக் கிடந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள்: பலகையைத் தாங்கும் விலாக்கட்டைகள்தாம் வங்கு. 14 அடி வள்ளத்துக்கு 16 அங்குலத்துக்கு ஒன்றாக எட்டோ ஒன்பதோ போதும். இவற்றை ஆவியில் அவித்து வளைக்கவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. கருவேலிலும் பூவரசிலும் கிளை பிரியும் இடம் தானே வளைந்து வளர்ந்திருக்கிறது. அங்கே நாரும் வளைவோடு சேர்ந்தே ஓடும். நேர்ப் பலகையில் வளைவை அறுத்தெடுத்தால் நார் பாதியில் வெட்டுப்பட்டு, முதல் மோதலிலேயே அந்த இடத்தில் ஒடியும். வளைவை அட்டையில் வெட்டிக் கையோடு கொண்டுபோய்க் கிளையில் ஒட்டிப் பாருங்கள். வெட்டிய அன்றே இரு முனையிலும் சாணி மெழுகுங்கள், இல்லாவிட்டால் நுனி வெடித்துவிடும்.

பக்கப் பலகைக்குத் தேக்கு நல்லது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கால்வாய்க்கரைத் தேக்கில் இளமரமென்றால் வெளிறு அதிகம். அதைக் கழித்து நடுவே வைரம் பாய்ந்த சேகை மட்டும் எடுங்கள். ரேகையை, அதாவது மரத்தின் நார் ஓடும் வரியைப் பார்ப்பதுதான் பாதி வேலை. ஓரடி நீளத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேல் சாய்ந்தால் அந்தப் பலகை வளைவுக்கு ஆகாது. கண்ணை நம்பாவிட்டால் துண்டு ஒன்றை உளியால் பிளந்து பாருங்கள். பிளவு போகும் வழிதான் நார் போகும் வழி. சூளையில் உலர்த்திய மரம் வேண்டாம், எவ்வளவு அவித்தாலும் வளைய மறுக்கும். நிழலில் ஓரளவு உலர்ந்தது போதும்.

2018 நவம்பரில் கஜா சாய்த்த மாதிரி புயல் மரம் மலிவாகக் கிடைத்தால் யோசித்து வாங்குங்கள். காற்றில் வளைந்து விழுந்த மரத்துக்குள் நாருக்குக் குறுக்கே மயிரிழை போல நசுங்கல் இருக்கலாம். இழைத்த பிறகே தெரியும். வளைக்கும்போது சரியாக அங்கேதான் ஒடியும்.

வங்குக்கு வேண்டாமென்றாலும் பக்கப் பலகையை வளைக்க ஆவி வேண்டும்; அதற்கு டெல்டாவில் பஞ்சமில்லை. நெல் அவிக்கிற அண்டாவை மூடி, மூடியில் குழாய் வைத்து, ஆறடிப் பலகைப் பெட்டிக்குள் விடுங்கள். சீமைக்கருவேல் விறகு போதும். பலகை முழுதும் உள்ளே போக வேண்டியதில்லை; அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் திரும்பும் நுனியை மட்டும் நுழைத்து வாயைச் சாக்கால் அடையுங்கள். ஆனால் காற்றுப்புகாமல் அடைக்காதீர்கள். ஆவி வெளியேற ஒரு துளையும், தண்ணீர் வடியக் கொஞ்சம் சாய்வும் வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம். அரை அங்குலப் பலகைக்கு அரைமணி. பெட்டி நிறைய ஆவி வந்த பிறகுதான் கணக்கு தொடங்கும். அடுப்பு பற்றவைத்த நேரத்திலிருந்து எண்ணுபவர்கள்தாம் அதிகம் உடைக்கிறார்கள்.

வெளியே எடுத்தால் அரை நிமிடம்தான் அவகாசம். கையில் சாக்கு, பிடிக்க மூன்று பேர், கயிறும் கவ்வியும் முன்கூட்டியே பலகையை வளைத்துக் கட்டும் அச்சருகில். சீராக இழுங்கள், வெட்டி இழுக்காதீர்கள். வெளிப்புறம் சிலாம்பு கிளம்பினால் ரேகைக் கோளாறு. உட்புறம் மடிந்தால் வளைவு மீறிவிட்டது, வெளிமுகத்தில் இரும்புப் பட்டை கட்டி இழுத்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒடிந்தாற்போல் திரும்பினால் அங்கே ஆவி சேரவில்லை.

விட்டதும் பலகை சற்று நிமிரும். அதனால் அச்சின் வளைவைச் சற்றுக் கூட்டியே வெட்டுங்கள். நீளம் போதாமல் ஒட்டுப் போட்டால், அரை அங்குலப் பலகைக்கு ஒட்டும் முனைகளை நாலு அங்குல நீளத்துக்குச் சாய்வாகச் சீவ வேண்டும். அந்த ஒட்டு அணிய வளைவில் வரவே கூடாது. செப்பு ஆணி அடியுங்கள். கருவேல் வங்கில் இரும்பு ஆணி சுற்றிலும் கறுத்து, ஈரத்தில் மரத்தையே தின்னும்.