ஆரஞ்சு குரோமைடு: ஜோடி சேர்ந்து குஞ்சு வந்தது வரை

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காயல், கழிமுகம், அவற்றை ஒட்டிய ஆறுகளில் வாழும் மீன் இது. கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள். வளர்ந்தாலும் 8 செ.மீ. அளவுதான். மஞ்சள் உடம்பில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள், விலாவில் ஒரு கறுப்புத் திட்டு. கடைகளில் முழு ஆரஞ்சு நிற வகையும் கிடைக்கும். எனக்கு இயல்பான நிறம்தான் பிடித்தது, சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் தேடி அதையே வாங்கினேன்.

ஆண், பெண் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். சின்ன மீன்களைக் கூட்டமாக விட்டால் தானே ஜோடி சேரும். மூன்றடித் தொட்டி, மணல், உடைந்த ஓடுகள், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, ஸ்பாஞ்ச் ஃபில்டர். தாது உப்புகள் குறைந்த மென்தண்ணீர் இதற்கு ஆகாது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் கடினமானது, நல்லதாகப் போயிற்று. லேசாகக் கல் உப்பு சேர்த்தேன், செடி தாங்குகிறது.

சில மாதம் கழித்து ஒரு ஜோடிக்கு அடிவயிறு கறுத்தது. இரண்டும் ஓட்டின் உட்புறத்தைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன. மற்ற மீன்களை ஒரு மூலைக்கே துரத்திவிட்டதால் அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றினேன். அப்புறம் முட்டைகள் வந்தன, ஒவ்வொன்றும் குட்டையான இழையில் ஒட்டிக்கொண்டு. தாயும் தகப்பனும் மாறி மாறித் துடுப்பால் விசிறின. பொரிந்த குஞ்சுகளை மணலில் குழி தோண்டி வாயால் தூக்கிப் போய் விட்டன.

நான் ஆசையாகக் காத்திருந்தது இதற்கு அடுத்த கட்டத்துக்குத்தான். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் மோதி மோதி, மேலே படிந்திருக்கும் வழுவழுப்பான சளியைத் தின்கின்றன. டிஸ்கஸ் மீனுக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் வியந்து சொல்லும் அதே காட்சி, நம் காயல் மீனிடமும் இருக்கிறது! பெரிய மீன் அடித்துடுப்பைப் படபடவென அசைத்தால் சிதறிய குஞ்சுகள் ஓடி வந்து சேர்ந்துகொள்கின்றன. குஞ்சுகளைத் தனியாக எடுத்து வளர்க்கச் சிலர் சொல்வார்கள். இந்த மீனுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

இயற்கையில் இது, தன் பெரிய உறவு மீனான கரிமீனின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். அதே கரிமீனின் முட்டையையும் விடாது. அதனால் இரண்டையும் ஒரே தொட்டியில் விடும் எண்ணம் எனக்கில்லை.

இப்போது குஞ்சுகளுக்குக் காலையும் மாலையும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் உயிரியைக் கொடுக்கிறேன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறேன், உப்பின் அளவு மட்டும் மாறாமல். நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள், விலாவில் கறுப்புத் திட்டு தெளிந்ததும் கூட்டமாகவே கொடுப்பேன்.