சிவப்பு நூலில் ஒரு கணக்கு

இரண்டரை வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டி நிறையத் துணிப்பைகள் கிடைத்தன. வீட்டில் வேறு எங்கெல்லாம் பை இருக்கிறது என்று தேடினேன். கதவுக்குப் பின்னால், அலமாரியின் அடித்தட்டில், மகளின் மேசைக்குக் கீழே. எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டி எண்ணினேன். 34 இருந்தன. பாதிக்கு மேல் ஒரு தடவைகூடக் கடைக்குப் போகாதவை. கருத்தரங்கில் கொடுத்தது, ஏதோ வாங்கியபோது இலவசமாக வந்தது, பை எடுத்துப்போக மறந்த நாட்களில் பில் போடும் இடத்தில் காசு கொடுத்து வாங்கியது. பாலிதீன் பை வேண்டாம் என்று மனதார நினைத்துத்தான் ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அதே வாரம்தான் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஒரு ஆய்வறிக்கையைப் படித்தேன். கடையில் கொடுக்கும் மெல்லிய பாலிதீன் பையை ஒரே ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். புவி வெப்பமாவதைப் பொறுத்தவரை அதைவிட ஒரு பருத்திப் பை மேல் என்று சொல்ல, அதை 131 தடவை பயன்படுத்த வேண்டுமாம். அந்தப் பாலிதீன் பையையே குப்பைக் கூடையில் விரிக்க இன்னொரு முறை எடுத்துக்கொண்டால் கணக்கு 327-க்குப் போய்விடுகிறது. டென்மார்க்கில் 2018-இல் போட்ட கணக்கில் வெப்பமாதலுக்கு மட்டும் பார்த்தால் 52 தடவை. தண்ணீர், ஓசோன் படலம் என்று எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100.

பருத்தி மண்ணில் விளைவதுதானே, அதில் என்ன கெடுதல் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் செடிக்குப் பாய்ச்சும் தண்ணீர், உரம், பூச்சிமருந்து, நூற்கவும் நெய்யவும் சாயமேற்றவும் ஆகும் மின்சாரம் எல்லாம் அந்தப் பைக்குள் இருக்கிறது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் ஆகிறது. இதைச் சொன்னால் "அப்போ பாலிதீனே நல்லதுன்னு சொல்றியா?" என்று கேட்கிறார்கள். இல்லை. சாக்கடையை அடைப்பதும், கடலில் போய்ச் சேர்வதும், ஆமையின் வயிற்றுக்குள் கிடப்பதும் இந்தக் கணக்குகளில் வரவில்லை. எனக்குப் புரிந்தது வேறு. பை எதனால் ஆனது என்பதைவிட, அதை எத்தனை தடவை தூக்கிப்போகிறேன் என்பதுதான் பெரிய கேள்வி.

பெருக்கிப் பார்த்தேன். 34 பை, ஒவ்வொன்றும் 131 தடவை, மொத்தம் 4,454. வாரத்துக்கு இரண்டு பை எடுத்துப்போனாலும் ஏறக்குறைய 43 வருடம் ஆகும். அன்று கூடத்தில் அந்தக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

ஆறு பைகளை வைத்துக்கொண்டேன். மீதியைத் தேவைப்பட்டவர்களாகப் பார்த்துக் கேட்டுக் கேட்டுக் கொடுத்தேன். வைத்துக்கொண்டதில் ஒன்று கெட்டியான பழுப்புத் துணிப்பை. அதன் வாய் மடிப்பின் உள்பக்கம் சிவப்பு நூலில் கணக்கு வைக்க ஆரம்பித்தேன். கடைக்குப் போய்வந்தால் ஒரு சின்னத் தையல். பத்தாவதுக்கு மட்டும் நீல நூல். ஊசியும் நூலும் வாசல் அலமாரியிலேயே ஒரு பழைய மாத்திரை டப்பாவுக்குள் இருக்கின்றன. அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்துக்காகப் பை என் கைக்கு வருகிறது, காலியாகிறது, தட்டி மடித்து வாசல் கொக்கிக்குத் திரும்பிப் போகிறது. பையை மறக்காமல் இருக்க என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஞாபகசக்தியை நம்பாதீர்கள், பைக்கு ஒரு இடம் கொடுங்கள். சமையலறையில் காலியாகிக் கிடக்கும் பை மறுநாள் உங்களோடு கடைக்கு வராது.

கடையில் இன்னொரு பழக்கமும் கைவந்தது. சீக்கிரம் வாயைத் திறப்பது. காய்களை நிறுத்துக் கொடுப்பவர் உருளையிலிருந்து ஒரு பாலிதீன் உறையைக் கிழித்துவிட்டால் அது குப்பையானது ஆனதுதான். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொன்னாலும் பக்கத்தில் இருக்கும் கூடைக்குத்தான் போகும். அதனால் வரிசையில் நிற்கும்போதே பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "கவர் வேண்டாங்க, ஸ்டிக்கரை இந்தப் பை மேலயே ஒட்டிடுங்க" என்று சொல்லிவிடுவேன். முதலில் கொஞ்சம் முறைத்தார். இப்போது என்னைப் பார்த்ததுமே உருளையிலிருந்து கையை எடுத்துவிடுகிறார்.

பையை விட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. பச்சை இலை படம் போட்டு, "முழுவதும் மக்கும்" என்று எழுதிய குப்பைப் பைகளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். காய்கறித் தோல்களை அந்தப் பையோடு சேர்த்து உரத்தொட்டியில் போட்டு, மேலே காய்ந்த சருகைப் பரப்பினேன். ஐந்து மாதம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தபோது தோலெல்லாம் கறுப்பு மண்ணாகியிருந்தது. மழை பெய்த தரை மாதிரி வாசம். அதற்கு நடுவில் பை அப்படியே இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அந்த இலைப் படத்தின் பச்சை நிறம்கூடப் போகவில்லை. என் மகள் அதைத் தூக்கிப் பிடித்து, "அம்மா, இதுல இன்னும் எழுத்துகூடப் படிக்க முடியுது" என்றாள்.

ஏன் என்று தேடிப் படித்தேன். அந்தப் பையில் போட்டிருந்த தர எண் ஈஎன் 13432. ஐரோப்பாவின் தரம் அது. 12 வாரத்தில் துண்டு துண்டாக வேண்டும், 6 மாதத்துக்குள் 90 சதவீதம் கரியமில வாயுவாகச் சிதைய வேண்டும் என்று அது கேட்கிறது. ஆனால் இந்தச் சோதனை நடப்பது பெரிய உர ஆலையின் சூட்டில், ஏறக்குறைய 58 டிகிரியில். என் தொட்டிக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். 34 டிகிரி. அந்தச் சூட்டில் அந்தப் பை மக்காது. வீட்டுத் தொட்டியிலேயே மக்கக்கூடியவை தனியாக இருக்கின்றன. அவற்றில் "வீட்டு உரத்துக்கு ஏற்றது" என்று வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் இலைப் படத்தை நம்ப வேண்டாம். வேதிப்பொருள் சேர்த்து வெயிலில் நொறுங்கும்படி செய்யும் 'ஆக்சோ' வகைப் பைகள் இன்னும் மோசம். அவை மக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உதிர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2021-லேயே அவற்றை விற்கக் கூடாது என்று தடுத்துவிட்டது.

நான் இப்போது கூடையில் செய்தித்தாளை மடித்து விரிக்கிறேன். அது தோலோடு சேர்ந்து மக்கிவிடுகிறது.

உரத்தொட்டி வைக்க நினைப்பவர்கள் பயப்படுவது நாற்றத்துக்குத்தான். மூக்கே வழி சொல்லும். மூக்கில் ஏறும் அமோனியா நெடி வந்தால் பச்சைக் கழிவு அதிகம், சருகு போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றுப் போகவில்லை, கிளறிவிட வேண்டும். தோலில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும் என்பார்கள். வீட்டில் அதை எப்படி அளப்பது? நான் ஒரு கைப்பிடி தோலுக்கு இரண்டு கைப்பிடி சருகு போடுகிறேன். இதுவரை மோசம் போகவில்லை. குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும் சாப்பாடு மீத்தேனை விடுகிறது. 20 வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும்.

தொட்டியைக் கிளறும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் போடுவதில் தோல் மட்டும் இல்லை. வாங்கி மறந்த முழுக் காய்களும் இருந்தன. நான்கு வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். சாப்பிட்டிருக்கக்கூடியது மட்டும் வாரத்துக்கு ஒன்றரை கிலோ. ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் சொன்ன கணக்குப்படி, 2022-இல் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில். அதாவது என்னைப் போன்றவர்களின் சமையலறையில். அதனால் குளிர்பெட்டியின் நடுத்தட்டில், கண்ணுக்கு நேரே, ஒரு டப்பா வைத்தேன். வாடத் தொடங்கியது, பாதி நறுக்கியது, நேற்றைய மிச்சம் எல்லாம் அதற்குள். சமைக்கப் போகும் யாரும் முதலில் அதைத்தான் திறக்க வேண்டும். கடைப் பட்டியல் எழுதுவதும் அதைப் பார்த்த பிறகுதான். இப்போது வாரத்துக்கு அரை கிலோகூட வருவதில்லை. நான் செய்த மாற்றங்களிலேயே பலன் அதிகம் தந்தது இந்த டப்பாதான், பைகூட இல்லை.

அது ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா, என் தங்கையிடமிருந்து வந்தது. "இனிமேல் வீட்டில் பிளாஸ்டிக்கே கூடாது" என்று அவள் நல்ல டப்பாக்களை எல்லாம் மூட்டை கட்டிவிட்டுக் கண்ணாடி ஜாடிகள் வாங்க ஆரம்பித்தாள். அவள் மனசு எனக்குப் புரிந்தது. ஆனாலும் "வேண்டாம்டி, எங்கிட்ட குடு" என்று வாங்கிவந்தேன். டப்பா ஏற்கெனவே செய்தாகிவிட்டது. அதைத் தூக்கிப்போடுவதால் எண்ணெய்க் கிணற்றுக்கு எதுவும் திரும்பிப் போகாது. அடியில் இருக்கும் முக்கோணத்தைப் பார்த்து மறுசுழற்சிக்குத்தானே போகும் என்றாள். அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கிறது, மறுசுழற்சி நடக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. 2015 வரை உலகத்தில் குப்பையான பிளாஸ்டிக்கில் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போயிருக்கிறது. சூடானதை மட்டும் அந்த டப்பாக்களில் போடுவதில்லை. பருப்புக்கும் பொத்தானுக்கும் இன்னும் பத்து வருடம் உழைக்கும்.

துணி துவைப்பதில் செய்தது கொஞ்சம்தான். இயந்திரம் நிறையும் வரை காத்திருக்கிறேன், வெந்நீரை நிறுத்திவிட்டேன். ஒரு வெந்நீர்த் துவைப்பில் மின்சாரத்தின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. செயற்கை இழைத் துணிகளைக் குறைவாகத் துவைக்கிறேன். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேல் இழைத்துணுக்குகள் உதிரலாம் என்று பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டார்கள். ஒரு நாள் உடுத்திய ஸ்வெட்டரைக் கொடியில் காற்றாட விட்டாலே போதும்.

பழுப்புப் பையின் கைப்பிடி 74-வது தடவையில் பிய்ந்தது. படியில் காய்கள் உருண்டன. அந்த வாரம் வந்திருந்த அம்மா பையை வாங்கிப் பார்த்து, கைப்பிடியின் வேரில் ஒரு சதுரத் துண்டுத் துணி வைத்து நாலு பக்கமும் தைத்து, குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இரண்டு ஓட்டு ஓட்டினார். "பாரம் தாங்குற இடத்துல ஒத்தத் தையல் போட்டா இப்படித்தான் விடும்" என்றார். மற்ற ஐந்து பைகளுக்கும் கேட்காமலேயே அதைச் செய்துகொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

போன சனிக்கிழமை 118-வது தையல். நான் சாமான்களை எடுத்துவைப்பதற்குள் மகளே ஊசியில் நூல் கோத்துப் போட்டுவிட்டாள். அவள் தையல் என்னுடையதைவிடக் கொஞ்சம் நீளம். மடிப்பில் இடம் தீர்ந்துவருகிறது. 131 ஆனதும் இரண்டாவது வரிசை ஆரம்பிக்க வேண்டும், அது 327 வரை. சிவப்பு நூலும் முடியப் போகிறது. அம்மாவின் தையல் பெட்டியில் இன்னொரு கண்டு இருக்கிறதாம்.