கணவாய் எப்போதும் அங்கேதான் இருந்தது: வரலாறு ஆப்ஷனலுக்குச் சில குறிப்புகள்

யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு ரிசல்ட் வந்த தெம்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தாளின் அமைப்பெல்லாம் உங்களுக்கே தெரியும். "நிலமும் வணிகமும் சமூகத்தை எப்படி வடிவமைத்தன" என்ற ரகக் கேள்விகளுக்கு மட்டும்தான் இந்தக் குறிப்பு. பொதுப்பாட முதல் தாளான ஜி.எஸ். 1-க்கும் உதவும்.

இந்த ரகத்துக்குக் கோச்சிங் நோட்ஸ் தரும் விடை ஒன்றேதான்: ஆறு இருந்தது, துறைமுகம் இருந்தது, ஆகவே வணிகம் செழித்தது. ஆறும் மலையும் கி.மு. 1000-லும் அங்கேதானே இருந்தன? அப்போது ஏன் ரோம வெள்ளிக்காசு வரவில்லை? இதற்கு உங்கள் விடையில் பதில் இல்லையென்றால் மார்க்கும் இல்லை. புவியியல் பற்றி ஒரு வரி எழுதினால், அந்த இடத்துக்கு எந்தக் காலத்தில், எதனால் மவுசு வந்தது என்று அடுத்த வரியிலேயே எழுதுங்கள். மற்ற அறிவுரை எதை மறந்தாலும் பரவாயில்லை.

பத்து இடங்களை மேலோட்டமாகப் படிப்பதைவிட ஒன்றை அடிவரை படிப்பது மேல். என் சிபாரிசு பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டுமே 2,600 மீட்டருக்கு மேல். நடுவில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் தாழ்ந்த நிலம், மாட்டு வண்டி தாராளமாகப் போகும். மேற்குக் கரையிலிருந்து கடல் வழியாகக் கிழக்குக் கரைக்குப் போவதென்றால் பாக் நீரிணையில் ஆழம் கிடையாது. பெரிய கப்பல் இலங்கையையே சுற்றியாக வேண்டும். சரக்கைக் கேரளக் கரையில் இருந்த சேரர் துறைமுகமான முசிறியில் இறக்கி, கணவாய் வழியே நொய்யல் கரையோடு கரூருக்கும், அங்கிருந்து காவிரியோடு பூம்புகாருக்கும் சாத்துகள் (வணிகக் கூட்டங்கள்) கொண்டுபோகலாம்.

இது நிலம். இனி தேதி. கி.மு. 30-ல் எகிப்து ரோமின் கைக்கு வந்தது. அதன் பிறகு செங்கடலின் மயோஸ் ஹார்மோஸ் துறையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குக் கிளம்பின என்கிறார் அக்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ. ஜூலையில் புறப்பட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றில் வந்து, டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்றில் திரும்பினார்கள். இடைப்பட்ட மாதங்களில் கப்பல்காரன் கரையில் காத்துக் கிடக்க வேண்டும். தங்குமிடம், கிடங்கு, தரகர், கடன் எல்லாம் அந்தக் காத்திருப்பிலிருந்து பிறந்தவை. "சமூகம்" என்று கேள்வியில் வந்தால் இந்தப் பத்தியை எழுதுங்கள். கி.பி. 2-ம் நூற்றாண்டின் முசிறிப் பாப்பிரஸே (பாப்பிரஸ் தாளில் எழுதிய ஆவணம்) ஒரு கடன் ஒப்பந்தம்தான். எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் இந்தச் சரக்குக்கு 25 சதவீதச் சுங்கம் என்பதையும் சேர்த்தால், லாபத்தில் அரசுக்கு என்ன பங்கு என்ற கேள்விக்கும் பதிலாகிவிடும்.

கணவாயின் கிழக்குப் பக்கம் என்ன நடந்தது? நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்ற பழைய ஊர். படியூர்ப் பக்கம் கிடைத்த பெரில் என்ற ரத்தினக் கல்லைப் பட்டை தீட்டினார்கள், இரும்பும் உருக்கினார்கள். சூதுபவளம் (கார்னீலியன் என்ற சிவப்புக் கல்) வெளியிலிருந்து மூலப்பொருளாக வந்தது. ஆகவே இது வழியில் இருந்த வெறும் சத்திரம் அல்ல, பட்டறை ஊர். வெள்ளலூர் போன்ற கொங்கு ஊர்களில் கிடைத்த புதையல்களில் ரோமின் முதல் இரு பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசுகளே அதிகம். இதுவும் உங்கள் தேதிக்குச் சாட்சி.

மார்க் கழியும் இடங்கள்:

ரோமப் பணம் இந்தியாவுக்குப் போகிறது என்று ரோம எழுத்தாளர் பிளினி சொன்னது ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்). 10 கோடி என்பது இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்கும் சேர்த்து. இரண்டையும் குழப்பாதவர் குறைவு.

பருவக்காற்றைக் கிரேக்க மாலுமி ஹிப்பாலஸ் "கண்டுபிடித்தார்" என்று எழுதாதீர்கள். அரபு, இந்திய மாலுமிகளுக்கு அது முன்பே தெரியும்.

புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடு ரோமக் குடியேற்றம் அல்ல. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியது 1945-ல். 1989 முதல் விமலா பெக்லி நடத்திய அகழாய்வில், ரோமத் தொடர்புக்கு முன்பே அங்கு ஊர் இருந்தது தெரிந்தது.

கேள்வி நவீன காலத்துக்குத் தாவினாலும் அதே கணவாய் கைகொடுக்கும். 1862-ல் மேற்குக் கரையிலிருந்து கோவை அருகே உள்ள போத்தனூருக்கு ரயில் வந்தது இதன் வழியாகத்தான். கோவையின் கரிசல் மண்ணில் பருத்தி பழைய சங்கதி, முதல் மில் 1888-ல். ஆனால் மில்கள் வரிசையாக முளைத்தது 1930-களில். 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததுதான் காரணம். பைக்காரா அருவி அதற்கு முன்பும் விழுந்துகொண்டுதான் இருந்தது. இந்த ஒரு வரியைப் பரீட்சையில் எழுதிப் பாருங்கள்.

விடைக்குள் படம் போட இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். பென்சிலில் இரண்டு மலை, நடுவில் இடைவெளி, நொய்யல், காவிரி, நான்கு ஊர், காற்றுக்கு இரண்டு அம்புக்குறி போதும். முசிறியைப் பாரதப்புழை முகத்தில் வைத்துவிடாதீர்கள், அது பெரியாற்று முகம். கொடுமணலைக் காவிரிக்கரையில் வைப்பவர்களும் உண்டு.

மேப் கேள்வியில் ஓர் இடத்துக்கு 30 வார்த்தை, 2.5 மார்க். வரிசை இப்படி: மாவட்டம், ஆறு, காலம், கிடைத்த பொருள், கடைசியாக ஏன் அங்கே. கொடுமணலுக்கு: "ஈரோடு மாவட்டம், நொய்யல் வடகரை, இரும்புக்காலம் முதல் தொடக்க வரலாற்றுக் காலம் வரை, கல்மணிப் பட்டறைகள், இரும்பு உருக்கு உலைகள், தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள், பதிற்றுப்பத்து சுட்டும் கொடுமணம், கரூர்–முசிறிப் பெருவழியில், பெரில் சுரங்கத்துக்கு அருகில்." கடைசித் துணுக்கை நேரம் போதவில்லை என்று வெட்டாதீர்கள், வெட்டுவதானால் மாவட்டத்தை வெட்டுங்கள்.