பளபளப்புக்கு அடியில் என்ன உலோகம்?

பூட்டு, கைப்பிடி, தாழ்ப்பாள் எதுவானாலும் கடையில் கண்ணில் படுவது நிறம்தான். முதலில் கேட்க வேண்டியது, அந்த நிறம் எந்த உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை.

அமெரிக்கத் தரக் குறியீட்டில் 605 என்றால் பித்தளையையே பளபளவென்று தேய்த்து லாக்கர் என்ற நிறமற்ற காப்புப் பூச்சைப் பூசியது. 632-உம் பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆனால் அது எஃகின் மேல் ஏற்றிய பித்தளை முலாம். பளபள குரோமில் 625-க்கு அடியில் பித்தளை, 651-க்கு அடியில் எஃகு. எண் போடாத சரக்கென்றால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். கப்பென்று பிடித்தால் எஃகு. பிடிக்கவில்லை என்பதற்காகப் பித்தளை என்று நம்பிவிடாதீர்கள், துத்தநாகக் கலவை வார்ப்பையும் காந்தம் இழுக்காது. திருகுத் துளையின் உட்புறத்தை ஊசியால் சுரண்டினால் மஞ்சளா சாம்பலா என்று தெரிந்துவிடும். துத்தநாகத்தின் மேல் ஏற்றிய முலாம் நுண்துளை விட்டால், ஈரம் இறங்கி மேற்பரப்பு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பிறகு பாலிஷ் போட்டுப் பயனில்லை.

லாக்கர் பூசிய பித்தளைக்கு வரும் கேடு வேறு மாதிரி. கைப்பிடி விளிம்பில் மோதிரம் பட்டு லாக்கர் நகநுனி அளவுக்குப் பெயரும். வியர்வை அந்த வழியாக உள்ளே புகுந்து, லாக்கருக்கு அடியில் கறுப்புக் கோடுகளாகக் கிளை பிரியும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் கறை அடியில் பத்திரமாக இருக்கும். கைப்பிடியைக் கழற்றி, பெயின்ட் ரிமூவரால் லாக்கரை முழுக்க எடுத்து, கழுவித் துடைத்த பிறகே பாலிஷ் போட வேண்டும். நாள் முழுக்கக் கை படுகிற கதவுக்கு லாக்கரே இல்லாத பித்தளைதான் நல்லது என்பேன். கறுக்கும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் தேய்த்து மீட்கலாம். தங்க நிறம் மாறவே கூடாது என்பவர்கள் பிவிடி பூச்சு வாங்கலாம். வெற்றிடத்தில் சிர்கோனியம் நைட்ரைடு போன்றவற்றைப் படியவைக்கும் முறை அது. மெல்லிய படலம், ஆனால் கடினமானது. ஈரத்துணியே போதும், பித்தளை பாலிஷை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கடலோர வீட்டுக்கு 316 என்ற தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். அதிலும் கண்ணாடி போல் மெருகேற்றியது. 304 என்ற தரத்தில் இல்லாத மாலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 சதவீதம் இதில் இருப்பதால் உப்பைத் தாங்கும். கோடு போட்ட மேற்பரப்பில் உப்பு தங்கித் தேநீர்க் கறை போலப் பழுப்பேறும், மெருகில் அது தங்காது.

புது வீட்டில் டைல்ஸை ஆசிட் போட்டுக் கழுவி, காற்றோட்டம் விட்டு முடிந்த பிறகே கைப்பிடிகளை மாட்டுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் புகையே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கறை ஏற்றிவிடும்.

பித்தளைத் திருகு மென்மையானது. துளையிட்டு, அதே அளவு எஃகுத் திருகை ஒருமுறை ஏற்றி இறக்கி மரத்தில் மரை விழுந்த பிறகு பித்தளைத் திருகைப் போட்டால் தலை முறியாது.