பேரையூர் பக்கம் இரண்டரை ஏக்கர்: முதல் மூன்று வருஷம்

நம் வீட்டுச் சாப்பாட்டை நாமே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்று நானும் என் வீட்டுக்காரரும் மதுரை வில்லாபுரத்து வாடகை வீட்டில் உட்கார்ந்து பேசாத நாளில்லை. 2021 கடைசியில் பேரையூர் பக்கம் இரண்டரை ஏக்கர் வாங்கினோம். முக்கால்வாசி கரிசல், மேட்டில் ஒரு துண்டு செவல், அதாவது செம்மண். மேற்கே சதுரகிரி மலை தெரியும். இரண்டு பேருக்குமே விவசாயம் புதிது. இதே ஆசையில் இருக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பட்டா, 30 வருஷத்து வில்லங்கச் சான்று, புல வரைபடம் எல்லாம் சரி பார்த்தோம். பாதையைப் பார்க்கவில்லை. விற்றவர் காட்டிய வண்டித்தடம் பக்கத்துக்காரர் பட்டாவில் இருந்தது. புரட்டாசியில் அவர் உழுததும் தடம் போய்விட்டது. எட்டு மாதம் நடந்து பேசி, கடைசியில் 10 அடி அகலத்துக்கு அந்த நிலத்தை விலைக்கு வாங்கிப் பதிவு செய்தோம். வீட்டுக்கு வைத்திருந்த பணத்தில் பாதி அதற்கே போனது. பத்திரத்தில் பாதை எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டைச் செவல் மேட்டில் கட்டினோம். ஒரே அறை, ஓட்டுக் கூரை. கரிசல் மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும், சுவர் தாங்காது. ஆனால் அதே கரிசல்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பள்ளத்தில் பண்ணைக்குட்டை வெட்டினோம். தார்ப்பாய் எதுவும் விரிக்காமலே ஐப்பசி மழைத் தண்ணீர் மாசி வரை நின்றது.

இனி விதைப்பு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சின்ன வயதிலிருந்து கேட்டதுதானே. 2022 ஆடியில் ஒரு ஏக்கரில் குதிரைவாலி விதைத்தோம். இரண்டு மழை பெய்தது, முளைத்தது, ஆவணி வெயிலில் மொத்தமும் கருகியது. பக்கத்துக் காட்டு அப்பத்தா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஏத்தா, இது புரட்டாசிப் பூமி. யாரைக் கேட்டு வெதச்ச?" என்றார். யாரையும் கேட்கவில்லை. இங்கே மானாவாரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆதாரம். கிணற்றுப் பாசனம் இருக்கிறவர்களுக்கு ஆடி சரி. மழையை மட்டும் நம்புகிறவர்கள் அந்த ஊர்ப் பட்டத்தைக் கேட்டுத்தான் விதைக்க வேண்டும். அன்றிலிருந்து அப்பத்தாவைக் கேட்காமல் நாங்கள் மண்வெட்டியைத் தொடுவதில்லை.

மறு வருஷம் கிடை போடச் சொன்னதும், அதாவது ராத்திரியில் ஆட்டு மந்தையை நிலத்திலேயே அடைத்து வைக்கச் சொன்னதும் அவர்தான். சித்திரையில் ஒரு கீதாரி (ஆட்டு மந்தைக்காரர்) 250 செம்மறிகளோடு வந்தார். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி ஆறு ராத்திரி நிறுத்தினோம். தினமும் வலையை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தார். ஆட்டுப் புழுக்கையோடு மூத்திரமும் மண்ணில் இறங்குவதுதான் கிடையின் பலம். வண்டியில் எரு அடித்தால் இது கிடைக்காது. "கெடைய எடுத்ததும் உழுதுரு தாயி, வெயில்ல காஞ்சா சத்து பறந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே உழுதோம்.

புரட்டாசிக் கடைசியில் ஏக்கருக்கு 4 கிலோ குதிரைவாலி விதையை மணலோடு கலந்து வீசினோம். மணி சிறியது, மணல் கலக்காவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். இடையிடையே துவரையும் ஓரத்தில் மொச்சையும் போட்டோம். தை பிறந்ததும் அறுத்தோம், 380 கிலோ. அன்றைக்கு ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

ஆனால் அது தானியம்தான், இன்னும் அரிசி ஆகவில்லை. இதைப் பற்றி எங்களுக்கு யாருமே சொன்னதில்லை. பக்கத்து மில்லில் நெல் மட்டும்தான் அரைப்பார்கள். குதிரைவாலி மணி சலித்துக் கீழே போய்விடும் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பத்தா வீட்டு உரலில் நானும் அவருமாக மாற்றி மாற்றிக் குத்தினோம். குத்துவது, சொளகில் புடைப்பது, உமி போகாததைத் திரும்பக் குத்துவது. 5 கிலோவுக்கு ஒரு முழுக் காலைப் பொழுது போனது. என் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. அப்புறம் விசாரித்து, சிறுதானியம் உடைக்கும் மெஷின் வைத்திருக்கும் ஓர் உழவர் குழுவைக் கண்டுபிடித்தோம். 100 கிலோவுக்கு 58 கிலோ அரிசி வந்தது. இப்போது உமியோடு குதிரில் போட்டு வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்து வாங்குகிறோம். உமியோடு இருந்தால் வருஷக்கணக்கில் கெடாது. உடைத்துவிட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், வண்டும் விழும். எந்தச் சிறுதானியம் விதைப்பதானாலும், எங்கே உடைப்பது என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோழி விஷயத்தில் பட்ட அடி இன்னும் வலிக்கிறது. 20 சிறுவிடை நாட்டுக்கோழிகளில் 14 கோழிகள் பங்குனியில் வெள்ளைக்கழிச்சல் நோயில் செத்தன. பஞ்சாரத்தைத் திறக்கவே பயந்த நாட்கள் அவை. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி, இவ்வளவுதான் செய்திருக்க வேண்டியது. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் போடுவார்கள். அதன்பிறகு தவறவிட்டதில்லை.

இப்போது குதிரைவாலி, துவரை, மொச்சை, முட்டை, முருங்கை, கத்தரி எங்களுடையது. நெல்லரிசி, எண்ணெய், வெல்லம், உப்பு கடையில்தான் வாங்குகிறோம். என் வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் மதுரைக்கு வேலைக்குப் போய் வருகிறார். அந்தச் சம்பளம் இல்லாமல் முதல் மூன்று வருஷத்தைக் கடந்திருக்க முடியாது. அடுத்து எண்ணெய்க்காகச் செவல் துண்டில் நிலக்கடலை போட எண்ணம். நிலத்துக்குக் கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்) அடிக்கத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். சித்திரைக் கிடைக்குக் கீதாரியிடமும் சொல்லி வைத்தாயிற்று.