பச்சையாக ஒளிர்ந்த பேனா

எக்ஸ்ரே பிரிவு டெக்னீஷியன் ஒருவர் தினமும் பதினொரு மணிக்கு, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் எங்கள் கீமோ டே கேருக்கு டீ குடிக்க வருவார். சட்டையில் எப்போதும் ஒரு டிஎல்டி பேட்ஜ் குத்தியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதனைக்கு அனுப்புவார்கள். இவர் மேல் இவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்று கணக்கு வந்துவிடும். ஒருநாள் டீயை உறிஞ்சிக்கொண்டே, "உங்க பேட்ஜ் எங்க சிஸ்டர்?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (கீமோ கலக்கும் மேஜைக்கு நாலடி தள்ளி டீ குடிப்பதே தப்பு என்பது அப்போது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.)

கீமோ போட ஆரம்பித்து எனக்குப் பதினான்கு வருஷம் ஆகிறது. முதலில் வேலை பார்த்தது கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை. மருந்து கலக்கத் தனி கேபினெட் கிடையாது. ஜன்னலோரம் ஒரு மேஜை, மேலே மின்விசிறி. சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து பொடியாக வரும். மருந்துக் குப்பிக்குள் சலைனை ஏற்றிக் குலுக்க வேண்டும், சீக்கிரம் கரையாது. உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். ஊசியை உருவும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். அந்தப் புஸ்ஸில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் யோசித்ததில்லை. நாங்கள் பயந்ததெல்லாம் டாக்ஸோரூபிசின் என்ற இன்னொரு கீமோ மருந்துக்குத்தான், ஏனென்றால் அது சிவப்பு. ஒரு சொட்டு சிந்தினாலும் கண்ணுக்குத் தெரியும், ஓடிப்போய்த் துடைப்போம். நிறமில்லாத சைக்ளோபாஸ்பமைடைத்தான் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களோடு வைத்திருக்கிறது. சிவப்பு மருந்து அதற்கு ஒரு படி கீழே.

கண்காணிப்பு என்று எங்களுக்கு இருந்தது ஆறு மாதத்துக்கு ஒரு சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் சோதனை. ரத்தம் எடுப்பார்கள், ரெஜிஸ்டரில் ஒட்டுவார்கள், எல்லாம் நார்மல், மேட்ரன் கையெழுத்து. நானும் ரொம்ப நாள் அதை நம்பினேன். யோசித்துப் பாருங்கள். வெள்ளையணுக்கள் சரிவது நோயாளிக்கு, நரம்பு வழியாக முழு டோஸ் ஏறுவதால். நம் தோலில் ஒட்டுவது நானோகிராம் கணக்கு, ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதைச் சிபிசி எப்படிக் காட்டும்? வைரல் காய்ச்சல் வந்தாலும்தான் அணுக்கள் குறையும். வேலையில் சேரும்போது ஒரு முறை எடுத்து வைப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் காட்டி 'எங்கள் ஊழியர்கள் பத்திரம்' என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த விஷயம் ஒன்றும் புதிதில்லை. 1979லேயே பின்லாந்து ஆய்வாளர்கள் கீமோ மருந்தைக் கையாளும் நர்ஸ்களின் சிறுநீரை எடுத்து, அது பாக்டீரியாவின் மரபணுவை மாற்றுகிறதா என்று பார்த்தார்கள். மற்றவர்களுடைய சிறுநீரைவிட அதிகமாக மாற்றியது. லான்செட் இதழில் வந்தது. நான் அப்போது பிறக்கவே இல்லை. 1985ல் அதே நாட்டின் 17 மருத்துவமனைகளை வைத்து இன்னொரு ஆய்வு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்த மருந்துகளைக் கையாண்ட நர்ஸ்களுக்குக் கரு கலையும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இதைப் படித்தபோது என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு நடந்ததற்கு மருந்துதான் காரணம் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. மருந்து காரணமில்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. எதையும் அளந்திருந்தால்தானே?

இப்போது சிறுநீரில் மருந்தையே நேரடியாகத் தேடலாம், மிகச் சிறிய அளவையும் கண்டுபிடிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி இருந்தால். சிக்கல் என்னவென்றால், சர்க்கரைக்கு இருப்பதுபோல இதற்கு 'இதுவரை பரவாயில்லை' என்று ஓர் அளவு கிடையாது. உள்ளே போயிருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அதனால் நெதர்லாந்துக்காரர்கள் மேஜையைத் துடைத்துப் பார்க்கும் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 0.1 நானோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் இலக்கும் வைத்துக்கொண்டார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆளைச் சோதித்துவிட்டு 'உன் கை சரியில்லை' என்று நர்ஸ் தலையில் கட்டுவதைவிட, மேஜையைச் சோதித்து வேலைமுறையை மாற்றுவது மேல்.

அந்தச் சோதனைக்கு எங்களிடம் வசதி இல்லை. அதனால் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் வேறொன்று செய்தோம். கண் பிரிவில் கேட்டு ஒரு ஃபுளோரசின் ஆம்பூல் வாங்கினேன். விழித்திரையைப் படம் எடுக்கும்போது நரம்பில் போடுகிற சாயம், புற ஊதா ஒளியில் பச்சையாக மின்னும். பணம் கட்டும் கவுன்டரில் கள்ள நோட்டு பார்க்கிற டார்ச்சை இரவல் வாங்கினோம். சனிக்கிழமை மதியம் நோயாளிகள் எல்லாரும் போன பிறகு, சாயம் கலந்த சலைனை மருந்தாக நினைத்துக்கொண்டு வழக்கம்போலக் கலந்தேன், பையில் ஏற்றினேன், மாட்டினேன், கழற்றிக் குப்பையில் போட்டேன். துப்புரவு அக்காவிடமும் எப்போதும்போலச் சுத்தம் பண்ணச் சொன்னோம். அப்புறம் திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தோம்.

கிளவுஸ் மின்னும் என்று எதிர்பார்த்ததுதான். கிளவுஸ் முடிந்து சட்டைக்கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டில் ஒரு கோடு மின்னியது. கேஸ் ஷீட்டின் ஓரம், தண்ணீர்க் குழாயின் திருகு, என் பாக்கெட்டில் இருந்த பேனா. அந்தப் பேனா மூடியைக் கடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்த மேஜைதான் மோசம். ஒரு சொட்டாக இருந்தது துணி போன வழியெல்லாம் பட்டையாக இழுபட்டுக் கிடந்தது. ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், இந்த மருந்துகளை ஒன்றும் செய்யாது. சோப்புத் தண்ணீரால் கழுவி எடுக்க வேண்டும்.

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச்சை அவர் பக்கம் திருப்பினேன். இரண்டு உள்ளங்கையும் பச்சை, சேலை முந்தானையும் பச்சை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோப்பு போட்டா போயிடுமா சிஸ்டர்?" என்றார்.

"இது வெறும் சாயம்க்கா, போயிடும்" என்றேன்.

கீமோ முடிந்து 48 மணி நேரம் வரைக்கும் நோயாளிகளின் சிறுநீரையும் வாந்தியையும் மருந்து கலந்ததாகவே நினைத்துக் கையாள வேண்டும். அவற்றை அள்ளிக் கொட்டுவது அவர்தான். ஒப்பந்த நிறுவனம் அவருக்குக் கொடுப்பது மாதம் ஒரு ஜோடி ரப்பர் கிளவுஸ். திங்கட்கிழமை கழுவறைச் சுவரில் ஒரு நைட்ரைல் கிளவுஸ் பெட்டி மாட்டினோம். சிபிசி ரெஜிஸ்டரில் பதினொன்றாவது வரியில் அவர் பெயரையும் எழுதினேன், இன்றைய அளவாவது கையில் இருக்கட்டும் என்று. ஊழியர் எண் இல்லை என்று லேப்காரர்கள் டியூபைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த எண்ணுக்கான கட்டத்தில் என் எண்ணை எழுதி மறுபடி அனுப்பியிருக்கிறேன்.